உழைப்பு நின்றால் மதிப்பும் போமோ?



உழைப்பின் பெருமையைப் பேசாத மேடை நம்மிடையே இல்லை. உழைப்பவனே உயர்ந்தவன் என்கிறோம், கைதட்டி மகிழ்கிறோம். நல்ல கருத்துத்தான், மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. உழைக்க மனம் இருந்தும் உடல் இடங்கொடாதபோது அந்த மனிதன் என்ன ஆகிறான்? உயர்வைத் தந்தது உழைப்புத்தான் என்றால், உழைப்பு நின்ற அன்றே அவன் தாழ்ந்து விடுகிறானா?

இக்கேள்வியை எனக்குக் கற்றுத் தந்தது என் ஊராகிய கோலார் தங்கவயல். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற ஏழை மக்கள் அங்கே மண்ணுக்குள் இறங்கினார்கள். 1880 முதல், 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்படும் வரை, ஏறத்தாழ 800 டன் பொன் மேலே வந்தது. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழம் உடையது. பொன் மேலே வந்தது. தூசியோ தொழிலாளியின் உள்ளே போயிற்று.

பாறையைத் துளைக்கும்போது எழும் சிலிக்காத் தூசி கண்ணுக்குத் தெரியாத நுண்மையுடையது. மூச்சோடு நுரையீரலுக்குள் சென்று, அங்கே தழும்பை உண்டாக்கும். தழும்பேறிய இடம் காற்றை வாங்காது. பெரும்பாலும் பல ஆண்டுகள் கழித்தே மூச்சிரைப்புத் தலைகாட்டும். காசநோயும் எளிதில் பற்றும். சிலிகோசிஸ் எனும் இந்நோயைக் குணமாக்கும் மருந்து இன்றும் இல்லை. 1940 முதல் 1946 வரை தங்கவயலில் 7,653 தொழிலாளரைச் சோதித்தபோது, நூற்றுக்கு 40 பேருக்கு மேல் இந்நோய் காணப்பட்டது.

பிற்காலத்தில் என் தாத்தாவுக்கும் அது வந்தது. துளைக்கருவி பிடித்தவர் அவர். மருத்துவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்து, "இனிக் கீழே இறங்க வேண்டாம்" என்றார். அப்போது தாத்தாவுக்கு வயது 44. மறுநாளும் விடியுமுன் எழுந்து, குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாராம். வேலைக்குச் செல்வோர் லைன் வீடுகளைக் கடந்து போகும் நேரத்தில் எழுந்து உள்ளே போய்விடுவாராம். "என்னண்ணே, இன்னிக்கு ஷிப்டு இல்லையா?" என்று யாரேனும் கேட்டுவிடுவார்களோ என்று தேநீர்க் கடைக்குப் போவதையும் நிறுத்தினார்.

வீட்டில் அவரை ஒரு குடம் தண்ணீர் தூக்க விடவில்லை. அது சரி. ஆனால் அத்தை திருமணத்திலிருந்து கூரை மாற்றுவது வரை, எதையும் அவரிடம் கேட்கவும் இல்லை. தொந்தரவு தரக்கூடாது என்ற அன்புதான் காரணம். பின்னாளில் அவர் என்னிடம் சொன்னார்: "நோவு என் மூச்சைத்தான் எடுத்துச்சு. இவங்க வாயையும் சேத்து எடுத்துட்டாங்கடா."

தோழர்களே, 2001-இல் வேலை இழந்தவர்களின் துயரம் பெரிது. ஆயினும் அவர்கள் ஒன்றாக இழந்தார்கள்; கூடி அழுதார்கள்; கூடிக் கேட்டார்கள். நோயால் வெளியேறியவனோ தனியாக வெளியேறினான். ஊர் வேலைக்குப் போய்க்கொண்டிருக்க, அவன் மட்டும் வீட்டில் இருந்தான். அந்தத் தனிமைக்கு எந்தச் சங்கமும் கொடி பிடிக்கவில்லை.

ஆஸ்திரியாவில் மரியென்தால் என்றோர் ஆலை ஊர். ஆலை மூடியபின் அங்கே ஆராய்ந்த அறிஞர்கள் 1933-இல் நூல் வெளியிட்டார்கள். வேலையிழந்த ஆண்கள் தெருவில் நடக்கும் வேகமே குறைந்து போயிற்று என்று அளந்து கண்டார்கள். நாள் முழுதும் கையில் இருந்தும் நாளுக்கு உருவம் இல்லாமற் போயிற்று. நல்ல உடலுள்ளவர்க்கே இந்நிலை என்றால், மூச்சிரைப்பவனின் நிலை என்ன?

பணம் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். 2019-இல் தென்னாப்பிரிக்க நீதிமன்றம், தங்கச் சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல் நோய்க்காக 500 கோடி ராண்டு உடன்பாட்டை ஏற்றது. அதே ஆண்டில் இராஜஸ்தான் அரசு, இந்நோயாளிகளுக்கு நிவாரணமும் மாத ஓய்வூதியமும் தரும் கொள்கையை அறிவித்தது. கல் உடைக்கும் இடங்களில் இன்றும் தூசியை விழுங்கும் நம்மவர்க்கும் அவை கிடைக்கப் போராடுவது நம் கடமை. ஆனால் 1923-ஆம் ஆண்டின் நட்டஈட்டுச் சட்டம், சம்பாதிக்கும் திறன் நூற்றுக்கு எத்தனை பங்கு குறைந்தது என்றே கணக்கிட்டது. சட்டம் அப்படி அளந்தது. வீடும் அப்படியே அளக்கலாமா?

தாத்தாவை மீட்டது பெரிய காரியம் ஒன்றுமில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர் அவர். அடுத்த வீட்டு அம்மாள் ஒருவர் தம் கணவரின் சேமநிதிக்கு மனு எழுதித் தரச் சொல்லி வந்தார். பிறகு மற்றவர்களும் வந்தார்கள். மூச்சு திரும்பவில்லை; இருமல் குறையவில்லை. ஆனால் காலையில் சட்டை போடுவதற்கு ஒரு காரணம் கிடைத்தது.

எனவே நான் வேண்டுவது இதுதான். 'உத்தியோகம் புருஷ லட்சணம்' என்ற பழமொழியை ஏட்டோடு விட்டுவிடுங்கள். நோயால் வேலை விட்டவரிடம் "சும்மாதானே இருக்கிறீர்கள்?" என்று கேட்காதீர்கள். அவர் வருந்தினால் உடனே தேற்ற முனையாமல் வருந்த விடுங்கள். பல்லாண்டுத் தொழிலை இழந்தவனுக்குத் துக்கம் கொள்ள உரிமை உண்டு. வீட்டு முடிவுகளில் அவர் சொல்லைக் கேளுங்கள். அவரால் முடிந்ததை அவரே தேர்ந்தெடுக்கட்டும். நோயால் படிப்பைப் பாதியில் விட்டுச் சென்ற நண்பர் நம் விடுதியிலும் இருக்கலாம். அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

உழைப்பைப் போற்றுவோம். உழைப்பைவிட உழைத்த மனிதன் பெரியவன் என்பதை மறவாதிருப்போம்.