புதுக் கம்ப்யூட்டரில் நெட் நத்தையாக ஊர்கிறதா?

கேள்வி: ‘‘பிசான நெல் விற்ற பணத்தில் மகளுக்கு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் வாங்கினோம். வீட்டில் 100 எம்.பி.பி.எஸ். ஃபைபர் இணைப்பு இருக்கிறது. செல்போனில் வீடியோ நன்றாக ஓடுகிறது. புதுக் கம்ப்யூட்டரில் மட்டும் வைஃபை மிக மெதுவாக இருக்கிறது. ஒரு பக்கம் திறக்கவே பல நிமிடங்கள் ஆகின்றன. இணைப்புக் கொடுத்தவர்கள் பெரிய பிளானுக்கு மாறச் சொல்கிறார்கள். கடைக்காரர், ‘கம்ப்யூட்டர் நல்லா இருக்கு, உங்க நெட்டுதான் சரியில்லை’ என்கிறார். மகள் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?’’

– ஒரு வாசகி, அச்சன்புதூர், தென்காசி மாவட்டம்.

பதில்: இந்தப் பக்கத்தில் குருத்துப்பூச்சிக்கும் இலைக்கருகலுக்கும் பதில் எழுதுகிற எனக்கு, கம்ப்யூட்டர் கேள்வி வந்தது இதுதான் முதல் முறை. கேட்டவர் கடிதம் எழுதவில்லை, போன் செய்தார். விண்ணப்பிக்கக் கடைசித் தேதிக்கு நான்கு நாள்தான் இருந்தது. அடுத்த இதழில் பதில் எழுதினால் அந்தப் பிள்ளைக்குப் பயன்படாது. அதனால், மறுநாள் வடகரைப் பக்கம் வயலாய்வுக்குப் போனபோது அவர்கள் வீட்டுக்கும் போய்விட்டேன்.

நல்ல சாரல். வாசலிலேயே அவருடைய கணவர் நின்றிருந்தார். ‘‘வாங்க சார். ஒரு மூட்டை, ரெண்டு மூட்டை இல்ல, அத்தனை நெல்லு போட்ட காசு. மூலையில கெடக்கு’’ என்றார். அவர் கோபம் நியாயமானது. ஆனால், கோளாறு எங்கே என்று தெரியாமல் பிளானை மாற்றுவதும், கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொடுப்பதும், என்ன நோய் என்று பார்க்காமலே மருந்து அடிப்பதைப் போன்றதுதான்.

கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நாம் என்ன செய்வோம்? அணையில் தண்ணீர் இல்லை என்று உடனே சொல்லிவிட மாட்டோம். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடையிலிருந்து வாய்க்கால் வழியே நடப்போம். எந்த இடம் வரை தண்ணீர் வருகிறது, எங்கே குறைகிறது என்று பார்ப்போம். இணையத்துக்கும் அதே வழிதான்.

மூன்று இடத்தில் அளந்து பாருங்கள்

அளப்பதற்குக் காசு வேண்டாம். செல்போனில் ‘ஃபாஸ்ட் டாட் காம்’ என்ற தளத்தைத் திறந்தால் வேகத்தைக் காட்டும். அதற்கு முன் போனின் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபையை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் செல்போன் கோபுரத்தின் வேகத்தை வீட்டு இணைப்பின் வேகம் என்று நினைத்து ஏமாந்துபோவோம்.

அந்த வீட்டில் நான் அளந்தது இது. முன்கட்டில் வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில், செல்போனில்: 92. பின்கட்டில் கம்ப்யூட்டர் மேசை மேல், அதே செல்போனில்: 31. அதே மேசையில், கம்ப்யூட்டரில்: 1.4.

முதல் இடத்திலேயே வேகம் மிகவும் குறைவாக இருந்தால் இணைப்பிலோ பிளானிலோ கோளாறு. மாதத்துக்கான டேட்டா அளவு தீர்ந்துபோனாலும் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள், அதையும் கேளுங்கள். இரண்டாவது இடத்தில் போனிலும் குறைந்தால் தூரமும் சுவரும் காரணம். மூன்றாவதில் மட்டும் குறைந்தால் கோளாறு கம்ப்யூட்டரில். இங்கே மடையில் தண்ணீர் நிறையவே வந்தது. பெரிய பிளானுக்கு மாறியிருந்தால் மாதாமாதம் பணம்தான் கூடுதலாகப் போயிருக்கும்.

இங்கே ஒரு விளக்கம். எம்.பி.பி.எஸ். என்பது டாக்டர் படிப்பு அல்ல. ஒரு வினாடிக்கு எத்தனை மெகாபிட் என்ற கணக்கு. கோப்புகளின் அளவை நாம் மெகாபைட்டில் சொல்கிறோம். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 எம்.பி.பி.எஸ். இணைப்பில் வினாடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் இறங்கும். ‘நூறு என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டுதான் தருகிறார்கள்’ என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

பெட்டிக்குள்ளேயே கிடந்த சாமான்

புதுக் கம்ப்யூட்டர் முதல் சில நாள் பின்னணியில் தானாகவே அப்டேட்களை இறக்கிக்கொண்டிருக்கும். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் ‘நெட்வொர்க்’ என்ற பத்தியைப் பாருங்கள். எது இழுக்கிறது என்று தெரியும். இங்கேயும் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஒரு வாரத்துக்கு நிறுத்தி வைத்தோம். 1.4 என்பது 2 ஆனது. பெரிய மாற்றம் இல்லை.

அடுத்து, மேசைக்கு அடியில் இருந்த சி.பி.யு.வைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் பொன்னிறத்தில் மரை போட்ட இரண்டு சின்ன முளைகள் மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தன. ‘‘இதுல மாட்டுறதுக்கு ஏதும் வந்துச்சா பாப்பா?’’ என்று கேட்டேன். அந்தப் பிள்ளை பரண் மேல் இருந்த அட்டைப் பெட்டியை இறக்கி, தெர்மாகோலுக்கு அடியில் துழாவி ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தது. ‘‘சார், இது என்னன்னு தெரியாம பத்திரமா வச்சிருந்தேன்.’’

வைஃபை ஆன்டெனாக்கள்! விரல் நீளத்தில் இரண்டு. கம்ப்யூட்டரை மாட்டிக் கொடுக்க வந்தவர் இவற்றை மாட்டாமலே போயிருக்கிறார். ஆன்டெனா இல்லாவிட்டாலும் சிக்னல் கொஞ்சம் பிடிக்கும். அதனால்தான் ‘இணைக்கப்பட்டது’ என்று காட்டியபடியே நத்தையாக ஊர்ந்தது. இரண்டையும் கையாலேயே திருகி மாட்டினோம். மறுபடி அளந்தால் 28!

யூ.எஸ்.பி.யில் செருகும் சின்ன வைஃபை குச்சி வைத்திருப்பவர்கள், அதை சி.பி.யு.வின் பின்பக்கம் செருகாதீர்கள். இரும்புக்கூடு சிக்னலை மறைக்கும். முன்பக்கம் செருகுங்கள்.

சுவரும் பீரோவும்

மீதி வேகம் வழியில் கசிந்தது. வைஃபை பெட்டி முன்கட்டில் இரும்பு பீரோவுக்குப் பின்னால், தரையை ஒட்டி இருந்தது. இரும்பும் தண்ணீரும் தடித்த சுவரும் அலையைத் தடுப்பவை. பீரோ, ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ் அடுப்பு இவற்றை விட்டுத் தள்ளி, ஆள் உயரத்தில், கூடுமானவரை வீட்டின் நடுவில் வையுங்கள். ஃபைபர் கம்பியை மட்டும் மடக்கி ஒடிக்காதீர்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. நடுக்கதவுக்கு மேலே ஒரு பலகை அடித்து அதில் வைத்தோம். 28 என்பது 55 ஆனது.

பல பெட்டிகள் இரண்டு பெயரில் வைஃபை கொடுக்கும். ஒன்றின் முடிவில் ‘5ஜி’ என்று இருக்கும். இது செல்போன் 5ஜி அல்ல; 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. வேகம் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் தளர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகம் குறைவு, தூரம் அதிகம். ஒரே அறை என்றால் 5. இரண்டு, மூன்று சுவர் தாண்ட வேண்டும் என்றால் 2.4. இரண்டையும் அளந்து பார்த்து, கூடுதலாக வருவதை வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் வேண்டாம் என்றால், பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும். சுவர் தொல்லை கிடையாது. மேசைக் கம்ப்யூட்டருக்கு இதைவிட நம்பகமான வழி இல்லை.

அவசரத்துக்கு இன்னொரு வழி: செல்போனை சார்ஜ் கேபிளால் கம்ப்யூட்டரோடு இணைத்து, போன் அமைப்பில் ‘யூ.எஸ்.பி. டெதரிங்’ என்பதை இயக்குங்கள். போனில் உள்ள நெட் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். கடைசித் தேதி நெருக்கும்போது கைகொடுக்கும்.

இடி மின்னல் நேரத்தில் வைஃபை பெட்டியின் மின்செருகியைக் கழற்றிவிடுங்கள். கண்ணாடி இழை வழியே மின்னல் வராது. கரண்ட் வழியே வரும்.

இத்தனையும் செய்து பார்த்தும் கம்ப்யூட்டரில் மட்டும் வேகம் வரவில்லை என்றால், தயங்காமல் பில்லோடு கடைக்குப் போங்கள். மூன்று அளவுகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், ‘உங்க நெட்டுதான் சரியில்லை’ என்று யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரிக்கு நான் விண்ணப்பித்த காலத்தில் எல்லாமே தாளும் தபாலும்தான். இப்போது விண்ணப்பம், சான்றிதழ், பாடப்பிரிவுத் தெரிவு எல்லாம் இணையத்தில். அன்று மாலையே அந்தப் பிள்ளை சான்றிதழ்களை ஏற்றி விண்ணப்பத்தை முடித்துவிட்டது. தரவரிசைப் பட்டியலுக்காகக் காத்திருக்கிறார்கள். கிளம்பும்போது அவளுடைய அப்பா, ‘‘அட்டைப் பெட்டிய நான் பழைய பேப்பர்காரருக்குப் போடப் பார்த்தேன் சார்’’ என்றார்.

புதுச் சாமான் வந்த பெட்டியை, உத்தரவாதக் காலம் முடியும் வரை யாரும் தூக்கிப் போடாதீர்கள்.