தீச்சுழல்

வெயில் கொளுத்தும் நண்பகலில், வெறுந்தரையிலே புழுதியும் சருகும் திடீரெனச் சுழன்றெழுந்து, சில கணங்களில் அடங்கிவிடுவதை நாம் பார்த்திருக்கின்றோம். பேய்க்காற்று என்று சொல்லிச் சிறுவர் விலகி ஓடுவர். அதிலே பேயுமில்லை, மாயமுமில்லை. காய்ந்த நிலத்தை ஒட்டிய காற்று சூடேறி, இலேசாகி மேலெழுகின்றது. அவ்விடத்தை நிரப்ப நாற்புறமிருந்தும் காற்று ஓடி வருகின்றது. வருங் காற்றிற் சிறிது சுழற்சி இருந்தாற் போதும். மையத்தை நெருங்க நெருங்க அதன் வேகம் பெருகும். கைகளை விரித்துச் சுழலும் நடனமாது, அவற்றை மார்போடு அணைத்ததும் விரைந்து சுழல்வதும் இவ்விதியினாலேயே.

வெயிலுக்குப் பதிலாகப் பெருந்தீ அக்காற்றைச் சூடாக்கினால் நேர்வது யாது? சுவாலையே தூணாகத் திரண்டு சுழலும். இதுவே தீச்சுழல். தீ தனக்கு வேண்டிய காற்றைத் தானே இழுத்துக்கொள்கின்றது. எரியும் துண்டுகளை மேலே தூக்கி எங்கும் வீசுகின்றது.

1923 ஆம் ஆண்டு செப்டெம்பர் 1 ஆம் திகதி, மதிய உணவு சமைக்கும் வேளையிலே, யப்பானியத் தலைநகராகிய தோக்கியோவைப் பெரும் பூமியதிர்ச்சி உலுக்கிற்று. அடுப்பு நெருப்பு மரவீடுகளைப் பற்றிக்கொண்டது. பலத்த காற்று அதனைப் பரப்பிற்று. ஹொஞ்ஜோ பகுதியில், முன்னர் இராணுவ உடைச்சாலை இருந்த வெறுநிலத்திலே ஏறத்தாழ 40,000 மக்கள் தஞ்சம் புகுந்தனர். படுக்கை, துணிமூட்டை, தட்டுமுட்டுச் சாமான்கள் அனைத்தையும் உடன் கொண்டுவந்தனர். அன்று மாலை தீச்சுழல் அவ்விடத்தைச் சூழ்ந்தது. காப்பாற்றிக் கொணர்ந்த உடைமைகளே அதற்கு விறகாயின. சுமார் 38,000 பேர் அங்கேயே மாண்டனர்.

இது பழங்கதை என்று எண்ணிவிடலாகாது. 2018 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில், ரெடிங் நகரருகே காட்டுத்தீ மூண்டது. காற்றுப் போன வண்டிச் சில்லின் விளிம்பு வீதியில் உராய்ந்து தெறித்த பொறியே அதன் தொடக்கம். நான்காம் நாள், 26 ஆம் திகதி, அத்தீயில் எழுந்த சுழலின் வேகம் மணிக்கு 230 கிலோமீற்றருக்கு மேலென மதிப்பிடப்பட்டது. மரங்கள் வேரோடு சாய்ந்தன. மின்கம்பிகளைத் தாங்கிய உருக்குக் கோபுரங்களும் வீழ்ந்தன.

தீயினின்றும் தப்புவோர்க்கு வெளியான நிலம் நல்ல புகலிடமே. ஆயினும் எரியக்கூடிய பொருள்களால் அதனை நிரப்பினால், அது வெளியாக இருப்பதில்லை. ஆபத்து வேளையிலே பொருளை விட்டுப் பிள்ளைகளையும் முதியோரையும் கைப்பிடித்து விரைவதே அறிவு. ஹொஞ்ஜோ நமக்குக் கற்பிக்கும் பாடம் அதுவே.