மஞ்சள் பந்துக்கு என்ன அவசரம்?

ஏழு வயதுக் குழந்தையின் உயரம் ஏறக்குறைய 120 செ.மீ. டென்னிஸ் வலையின் நடுப்பகுதி 91.4 செ.மீ. அதாவது, வலை குழந்தையின் தோளை எட்டிவிடுகிறது. இந்த விகிதத்தை 180 செ.மீ. உயரமுள்ள ஒரு வீரருக்குப் பொருத்திப் பாருங்கள். அவர் 137 செ.மீ. உயர வலைக்கு மேலாக, 35 மீட்டருக்கும் நீளமான களத்தில், 40 அங்குல மட்டையைத் தூக்கிக்கொண்டு ஆட வேண்டியிருக்கும். தலைக்கு மேல் எகிறும் பந்துகளைத் துரத்த வேண்டியிருக்கும். முன்னணி வீரர்களான அல்கராஸும் சின்னரும் இப்படி ஆடினால் ஒரு செட் முடிவதற்குள் அரங்கம் காலியாகிவிடும். ஆனால், நம் பயிற்சி மையங்கள் பலவற்றில் ஏழு வயதுப் பிள்ளைகளிடம் தினமும் மாலையில் இதைத்தான் எதிர்பார்க்கிறோம்.

பிள்ளைகள் சும்மா இருப்பதில்லை. தங்களுக்குத் தெரிந்த வழியில் சமாளிக்கிறார்கள். தோளுக்கு மேல் வரும் பந்தை அடிப்பதற்காகக் கைப்பிடியை அடிப்பக்கமாகத் திருப்பிப் பிடிக்கிறார்கள். எல்லைக் கோட்டிலிருந்து மூன்று நான்கு அடி பின்னால் போய் நின்று, வானத்தைப் பார்த்துப் பந்தைத் தூக்கிப் போடுகிறார்கள். வலைக்கு அருகே வந்து, பந்து தரையில் படும் முன்பே வாலி அடிக்கலாம் என்ற எண்ணமே எழுவதில்லை. வந்தால் தலைக்கு மேலே பந்து போய்விடும். இதைப் பார்த்து, “டெக்னிக் சரியில்லை” என்று பெற்றோரிடம் சொல்லப்படுகிறது. கூடுதல் வகுப்பு, கூடுதல் கட்டணம். உண்மையில், அளவுக்கு மீறிய களத்துக்கு அந்தப் பிள்ளை கண்டுபிடித்த புத்திசாலித்தனமான விடை அது. பின்னாளில் அதையே மறக்கவைக்க ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் சோகம்.

சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு இந்தச் சிக்கலைக் கவனித்து 2007இல் ‘பிளே அண்ட் ஸ்டே’ என்னும் இயக்கத்தைத் தொடங்கியது. முதல் வகுப்பிலேயே சர்வ் போட வேண்டும், ராலி ஆட வேண்டும், பாயிண்ட் எண்ண வேண்டும் என்பது அதன் அடிப்படை. அதற்காக மூன்று படிநிலைகள். முதலாவது சிவப்புப் பந்து: வழக்கமான பந்தைவிட 75% மெதுவானது. களம் சுமார் 11 மீட்டர், வலை 80 செ.மீ. அடுத்தது ஆரஞ்சுப் பந்து: 50% மெதுவானது, சுமார் 18 மீட்டர் களம். பச்சைப் பந்து 25% மெதுவானது. அதை முழுக் களத்திலேயே ஆடலாம். மட்டையும் 17 அங்குலத்தில் தொடங்கிப் படிப்படியாக 26 வரை வளர்கிறது. 2012 ஜனவரியிலிருந்து 10 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தைப் பயன்படுத்தக் கூடாது என்பது டென்னிஸ் விதியாகவே ஆகிவிட்டது.

இதில் சலுகை என்று எதுவும் இல்லை. குறைக்கப்பட்ட 80 செ.மீ. வலைகூட 120 செ.மீ. குழந்தையின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. பெரியவர்களுக்கோ வலை அவர்கள் உயரத்தில் பாதிதான். சிவப்புக் களத்தில் ஆடும் குழந்தை இப்போதும் நம்மைவிடக் கடினமான டென்னிஸைத்தான் ஆடிக்கொண்டிருக்கிறது!

ஆஸ்திரேலிய ஆய்வாளர் டிம் பஸ்ஸார்டும் அவருடைய குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே முக்கியமானது. பந்தை அடித்துக்கொண்டே, கவனத்தைக் கோரும் வேறொரு வேலையையும் செய்யும்படி சிறுவர்களிடம் சொன்னார்கள். திறன் குறைந்த சிறுவர்கள் பெரிய மட்டையோடும் வழக்கமான பந்தோடும் ஆடியபோது அடி தடுமாறியது. அளவு குறைத்த கருவிகளோடு ஆடியபோது தடுமாறவில்லை. சிறிய மட்டை கையில் இருந்தால், எப்படி அடிப்பது என்று குழந்தை யோசித்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை, உடலே கற்றுக்கொள்கிறது. அப்போதுதான் எதிரே இருப்பவர் எங்கே நிற்கிறார், பந்தை எங்கே அனுப்பலாம் என்று பார்க்க மூளைக்கு இடம் கிடைக்கும். டென்னிஸ் என்பது அந்தப் பார்வைதானே?

நம் வகுப்புகளின் வழக்கமான காட்சிக்கு வருவோம். பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். கோச் கூடையிலிருந்து ஒவ்வொரு பந்தாக எடுத்துப் போடுவார். ஒரு பிள்ளை இரண்டு பந்தை அடித்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போகும். ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதி காத்திருப்பிலேயே கழியும். எதிராளி கிடையாது, ஸ்கோர் கிடையாது, தோற்பதும் ஜெயிப்பதும் கிடையாது. இதற்குப் பதிலாக, முழுக் களம் ஒன்றில் நான்கு சிவப்புக் களங்கள் போடலாம். பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் ஆடிக்கொண்டிருப்பார்கள். (காற்றிறங்கிய பழைய பந்தைக் கொடுத்தால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. எழும்புவது குறையும்; எடை குறையாது.)

தடையாக நிற்பது பெரியவர்களின் கௌரவம். மகளுக்கு அரை அளவு வயலின் வாங்கித் தருவதில் எந்தப் பெற்றோருக்கும் வெட்கம் இல்லை, சிவப்புப் பந்தைக் கண்டால் மட்டும் “இன்னும் பேபி டென்னிஸ்தானா?” என்று முகம் சுளிக்கிறார்கள். அடுத்த மையத்தில் ஏழு வயதிலேயே மஞ்சள் பந்து என்றால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்விடுகிறார்கள். பிறகு கோச் மட்டும் என்ன செய்வார்?

‘அகாஸி சிவப்புப் பந்திலா வளர்ந்தார்?’ என்பது வழக்கமான எதிர்க்கேள்வி. இல்லைதான். அந்த முன்னாள் சாம்பியன், தந்தை மாற்றியமைத்த பந்து இயந்திரத்துக்கு எதிரே ஏழு வயதில் நாளுக்கு 2,500 பந்துகள் அடித்தார். டென்னிஸை எவ்வளவு வெறுத்தார் என்பதையும் 2009இல் வந்த தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். ஒரு அகாஸி தப்பிப் பிழைத்ததை நாம் அறிவோம். அப்படி வளர்க்கப்பட்டு விட்டுப்போன பிள்ளைகள் புத்தகம் எழுதுவதில்லை.

ஆனால், இந்த முறையை வேதமாக்குவதும் தவறு. வயதை மட்டும் பார்த்து நிறம் ஒதுக்கினால், ஒன்பது வயதில் முழுக் களத்துக்குத் தயாராகிவிட்ட பிள்ளை ஆரஞ்சுப் பந்தில் சலித்துப்போகும். உயரமும் தேர்ச்சியும் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். நிறம் மாறும் நாளைக் காலண்டர் தீர்மானிக்கக் கூடாது. அதைவிட மோசம், சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்குப் போவதைப் பரீட்சையாக்கி, அதற்கும் சான்றிதழும் கட்டணமும் வைப்பது.

தமிழ்நாட்டுக்கு இந்த முறையில் தனியாக ஒரு லாபம் இருக்கிறது. தமிழ்நாட்டு வீரர் ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 என இரண்டு முறை விம்பிள்டன் அரையிறுதிக்குப் போன பிறகும், டென்னிஸ் இங்கே கிளப்புகளையும் வசதியான குடும்பங்களையும் தாண்டிப் பரவவில்லை. அதற்கு முதல் காரணம் களம். முழு டென்னிஸ் களத்துக்கு, ஓடும் இடமும் சேர்த்து, சுமார் 120 அடி நீளமும் 60 அடி அகலமும் வேண்டும். அரசுப் பள்ளிகள் எங்கே போகும்? சிவப்புக் களமோ 11 மீட்டர் நீளம், 5 முதல் 6 மீட்டர் அகலம். பாட்மின்டன் களமே 13.4 மீட்டர் நீளமும் 6.1 மீட்டர் அகலமும் கொண்டது. பாட்மின்டன் கோடு போட்டிருக்கும் எந்தப் பள்ளியிலும் வலையை 80 செ.மீட்டருக்கு இறக்கிக் கட்டினால் சிவப்பு டென்னிஸ் ஆடலாம். சிமென்ட் தரையே போதும்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் பள்ளிக் கல்வித் துறையும் மாவட்டத்துக்குச் சில தொடக்கப் பள்ளிகளில் இதைத் தொடங்கிப் பார்க்கலாம். சுண்ணாம்புக் கோடு, இறக்கிக் கட்டிய வலை, சிறிய மட்டைகள், சிவப்புப் பந்துகள், இரண்டு நாள் பயிற்சி பெற்ற ஓர் உடற்கல்வி ஆசிரியர். இவ்வளவுதான் செலவு. புதிதாக ஒரு அரங்கம் கட்டும் திட்டம் கோப்பில் நகர்ந்துகொண்டிருக்கும்போதே இதைச் செய்துவிட முடியும்.