'சத்தம் கேக்குது, பேச்சுதான் புரியல'... டெல்டாவில் காது மிஷின் தள்ளிப்போவது ஏன்?

"அப்பாவுக்குக் காது நல்லாத்தான் கேக்குது. கூப்பிட்டா திரும்பிப் பார்க்கிறார். நாம சொல்றதுதான் புரியல." தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் பல வீடுகளில் கேட்கும் பேச்சுதான் இது. வயசானா அப்படித்தான் என்று விட்டுவிடுகிறார்கள். காது மிஷின் வாங்கலாமா என்று யோசிக்கும்போது அடுத்த தடங்கல் வருகிறது: "சர்டிபிகேட் இருந்தாத்தான் கவர்மென்ட்ல மிஷின் தருவாங்க."

இது பாதி உண்மை. இந்தப் பாதி உண்மையில்தான் பலருக்கு வருஷங்கள் ஓடிவிடுகின்றன.

கேட்டும் புரியாமல் போவது ஏன்?

உள்காதில் நத்தைக்கூடு போன்ற உறுப்பில் நுண்ணிய முடி செல்கள் இருக்கின்றன. வயதாலோ, சத்தத்தாலோ இவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பெரும்பாலும் உயர் அதிர்வெண் ஒலிகளைப் பிடிக்கும் செல்கள்தான் முதலில் போகும்.

தமிழில் இதைச் சொல்வது சுலபம். பேச்சில் உயிர் ஒலிகள் பலமானவை. 'ச', 'த' போன்ற மெய்கள் சன்னமானவை, உயர் அதிர்வெண் பக்கம் இருப்பவை. ஆக, உயிர் காதில் விழுகிறது, மெய் நழுவிவிடுகிறது. சட்டையா, கட்டையா, பட்டையா என்று தெரியாமல் '...ட்டை' மட்டும் கேட்கும். கத்திப் பேசினால் சத்தம்தான் கூடும், தெளிவு கூடாது. முகத்துக்கு நேரே, நிதானமாகப் பேசினால் பலன் உண்டு. பேத்தி பேசுவது புரியவில்லை, மகன் பேசுவது புரிகிறது என்றால் அது பாரபட்சம் இல்லை. குழந்தைகளின் குரல் இன்னும் உயர்ந்த அதிர்வெண்ணில் வருகிறது, அவ்வளவுதான்.

சத்தத்துக்கு டெல்டாவில் குறைவில்லை. டிராக்டர், டீசல் என்ஜின், அரவை மில், கேபின் இல்லாத அறுவடை மிஷின் என்று பட்டியல் நீளும். நாள் முழுக்கத் தவிலுக்குப் பக்கத்தில் உட்காரும் கலைஞர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். உலக சுகாதார அமைப்பு பாதுகாப்பான அளவாகச் சொல்வது 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு வெறும் 4 மணி நேரம். குறுவை அறுவடை சீசனில் அது ஒரு காலை வேலைக்கே போதாது. காதில் பஞ்சு வைப்பதால் பெரிய பலன் இல்லை. இயர் பிளக் வேண்டும்.

முதலில் டாக்டர், அப்புறம்தான் மிஷின்

அழுக்கு அடைப்பு, சீழ், செவிப்பறையில் ஓட்டை ஆகியவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அதனால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் காது, மூக்கு, தொண்டை டாக்டரைப் பார்த்த பிறகே கருவியை யோசிக்க வேண்டும். எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது, கோழி இறகு விடுவது எல்லாம் வேண்டாம். ஒரு காது திடீரென்று, ஓரிரு நாளில் கேட்காமல் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாமதித்தால் மருந்துக்குப் பலன் குறைந்துவிடும்.

ஆடியோகிராம் என்ற பரிசோதனையில் எந்தெந்த ஒலி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரியும். மிஷினை டியூன் செய்வது இதை வைத்துத்தான். கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 'சவுண்ட் பூஸ்டர்' எல்லா ஒலியையும் ஏற்றிவிடும். அது காது மிஷின் ஆகாது.

சர்டிபிகேட் குழப்பம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன்படி, இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு இருந்தால்தான் 'கேட்கும் திறன் குறைந்தவர்'. உலக சுகாதார அமைப்போ 35 டெசிபலிலேயே மிதமான குறைபாடு என்கிறது. 50 டெசிபல் இழந்தவருக்குச் சாதாரணப் பேச்சே சிரமம். ஆனாலும் சட்டத்தின் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறார். "சர்டிபிகேட் வராது" என்று டாக்டர் சொல்வதை "மிஷின் தேவையில்லை" என்று குடும்பம் புரிந்துகொள்கிறது. சிக்கல் இங்கேதான். அந்தக் கோடு சலுகைகளுக்குப் போட்டது, தேவையை அளக்கப் போட்டதல்ல.

சான்றிதழ் உள்ளவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் காதொலிக் கருவிக்கு மனு கொடுக்கலாம். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். சான்றிதழ் கிடைக்காத முதியோருக்கு மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் இருக்கிறது. 2017-இல் தொடங்கிய இத்திட்டத்தில் 60 வயது தாண்டிய, வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள அல்லது மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மிகாதவர்களுக்குக் காது மிஷின் உள்ளிட்ட கருவிகள் இலவசம். அலிம்கோ நிறுவனம் முகாம் நடத்தித் தருகிறது. ஆனால் முகாம் தினமும் இருக்காது; அடுத்தது எப்போது என்று ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

தள்ளிப்போட்டால் என்ன? 2024-இல் வெளியான லான்செட் ஆணைய அறிக்கை, தவிர்க்க வாய்ப்புள்ள 14 மறதிநோய் காரணிகளில் ஒன்றாகச் செவித்திறன் இழப்பைச் சேர்த்திருக்கிறது.

முதல் மாதம்தான் சோதனை

"மாட்டினா ஒரே இரைச்சல்" என்று மிஷின் பீரோவுக்குப் போவது இந்தக் கட்டத்தில்தான். வருஷக்கணக்கில் கேட்காமல் இருந்த மின்விசிறி, பாத்திரம், செருப்புச் சத்தம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால் மூளை திணறும். முதல் சில நாள் வீட்டுக்குள், ஒருவரோடு மட்டும் பேசிப் பழக வேண்டும். மெல்ல நேரத்தைக் கூட்டி, அப்புறம் டீக்கடை, கடைசியாகக் கல்யாண மண்டபம். வலித்தாலோ விசில் அடித்தாலோ ஆடியாலஜிஸ்டிடம் திரும்பப் போய்ச் சரிசெய்ய வேண்டும். இரண்டு மூன்று தடவை டியூன் செய்வது சகஜம். முகாமில் வாங்கிய கருவியோடு பலர் தடுமாறுவதும் இதனால்தான். கருவி கையில் வந்துவிடுகிறது, திரும்பப் போக இடம் தெரிவதில்லை. வாங்கும்போதே அதைக் கேட்டுவிட வேண்டும்.

வியர்வையும் ஐப்பசி ஈரமும் மிஷினுக்கு எதிரி. ராத்திரி பேட்டரி மூடியைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்கலாம். எண்ணெய்க் குளியலுக்கு முன் கழற்றிவிட வேண்டும். தீர்ந்த பட்டன் பேட்டரியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கிவிட்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும்.