கரையில் இருப்போரின் ஒப்பம்

பத்திரிகைத் தொழிலில் கழிந்த ஆண்டுகளில் நான் அமர்ந்திருந்த ஆலோசனைக் குழுக் கூட்டங்களுக்குக் கணக்கில்லை. பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. அதிகாரிகள் முன்வரிசையில் இருப்பர். கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் பின்வரிசையில் இருப்பார். வரவுப் பதிவேட்டில் ஒப்பமிட்டு, தேநீர் அருந்தி, "உங்கள் கருத்துக் கவனத்தில் எடுக்கப்பட்டது" என்ற வாசகத்தைக் கேட்டுவிட்டு அவர் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்.

கரையோர மக்களைக் கொண்டே கடலைக் காப்பது குறித்து எழுதுவோர் தவறாமல் எடுத்துக்காட்டும் பெயர் பிலிப்பைன்ஸின் ஆப்போ தீவு. ஆனால் அத்தீவின் கதையில் முற்பாதியை மட்டுமே அவர்கள் சொல்கின்றனர் என்பது எனது மனக்குறை.

நீக்ரோஸ் பெருந்தீவின் அருகே, ஒரு சதுர கிலோமீற்றர் கூட இல்லாத சிறு தீவு அது. 1970களில் வெடிவைத்தும் நஞ்சிட்டும் மீன்பிடித்ததால் அதன் முருகைக்கற்பாறைகள் சிதைந்துகொண்டிருந்தன. சில்லிமான் பல்கலைக்கழகத்தின் உயிரியலாளர் ஏஞ்சல் அல்காலா அங்கு சென்றபோது அவரிடம் ஏற்கனவே ஓர் அனுபவம் இருந்தது. அருகிலுள்ள சுமிலோன் தீவில் 1974 இல் அவரது முயற்சியால் ஒரு பகுதி மீன்பிடிக்கு மூடப்பட்டிருந்தது. ஆப்போ மீனவர்களை அங்கு அழைத்துச்சென்று காட்டினார்கள். ஆண்டுக்கணக்கில் பேச்சு நடந்தது. ஈற்றில் 1982 இல், தீவின் தென்கிழக்கே சுமார் 450 மீற்றர் நீளக் கரையை ஒட்டிய கடலில் வலை வீசுவதில்லை என அம்மக்களே முடிவெடுத்தனர். நகரசபைக் கட்டளை வந்தது பின்னர்தான், 1985 இல். கரையில் குடிசையமைத்து அவர்களே முறைவைத்துக் காவலிருந்தனர். ஆண்டுகள் செல்ல மூடிய பகுதியில் மீன் பெருகியது. அதன் எல்லையை ஒட்டி மீன்பிடித்தவர்களின் வலையும் தூண்டிலும் கனத்தன.

சுமிலோனின் கதி வேறு. 1984 இல் அரசியல் மாறிய வேளை அங்கு காவல் குலைந்தது. மூடிய பகுதியில் மீன்பிடித்தார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் தீவைச் சுற்றிய மொத்த மீன்பிடி பாதிக்கு மேல் வீழ்ந்ததை அல்காலாவும் அவுஸ்திரேலிய ஆய்வாளர் கரி ரஸ்ஸும் பதிவு செய்துள்ளனர். ஒரே அறிவியல், ஒரே கடல். ஒன்றில் மக்கள் தமது தீர்மானத்தைக் காத்தனர். மற்றதில் பிறருடைய தீர்மானம் பிறரால் கைவிடப்பட்டது.

இனிப் பிற்பாதி. 1994 இல் ஆப்போ தேசியப் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. பாராட்டத்தானே வேண்டும்? முழுக்க அல்ல. நிருவாகம் அரசாங்கத் தலைமையிலான முகாமைத்துவ சபைக்குச் சென்றது. பன்னிரண்டு ஆண்டுகள் கடலைக் காத்தவர்கள் அச்சபையில் சிறுபான்மையினராயினர். சுழியோடவரும் உல்லாசப் பயணிகளின் கட்டணம் மத்திய திறைசேரியைச் சுற்றிவந்து, அதில் முக்காற் பங்கே, அதுவும் தாமதித்தே, தீவுக்குத் திரும்பியது. தேசியச் சட்டத்தில் பயனில்லை என்று நான் வாதிடவில்லை. ஒரு நகரசபைத் தலைவரின் மனமாற்றம் காப்பகத்தைக் கலைத்துவிடும் என்பதற்குச் சுமிலோனே சாட்சி. ஆனால் பாதுகாப்பைப் பலப்படுத்தும் பெயரில் பாதுகாவலரை ஆலோசகராகத் தரமிறக்குவது விசித்திரமான பலப்படுத்தல்.

ஆப்போவில் 1980களில் பணியாற்றிய அலன் வைட், 1990களில் இலங்கைக் கரையோரத் திட்டமொன்றிலும் பங்குபற்றினார். ஹிக்கடுவையிலும் ரெக்கவவிலும் விசேட பிரதேச முகாமைத்துவம் என்ற முறை தொடங்கியது அக்காலத்தில்தான். அதற்கெனக் குழுக்கள் அமைந்தன; தொடக்கத்தில் அவற்றுக்குச் சட்ட அதிகாரம் ஏதுமிருக்கவில்லை. 2011 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமே விசேட முகாமைத்துவப் பிரதேசங்களைச் சட்டத்துக்குள் கொணர்ந்தது. இடையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள்!

மன்னாரின் விடத்தல்தீவைப் பாருங்கள். கண்டல் காடும் கடற்புற்களும் நிறைந்த அப்பகுதியில் 29,180 ஹெக்டேயர் 2016 இல் இயற்கை ஒதுக்கமாக்கப்பட்டது. 2024 மே மாதத்தில் அதிலிருந்து 168 ஹெக்டேயர் நீக்கப்பட்டதாக வர்த்தமானி வெளிவந்தது. நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக என்றார்கள். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஒதுக்கியபோதும் சரி, நீக்கியபோதும் சரி, கோடு கீறிய பேனை கொழும்பில்தான் இருந்தது.

வடகரையில் கடல்வளக் குழுவொன்று அமைவதாயின் நான் கேட்பது மூன்றே. எல்லையை மாற்றுமுன் அக்குழுவின் எழுத்து மூலமான இணக்கம் தேவை. அறவிடப்படும் கட்டணத்தில் ஒரு பங்கு நேரே உள்ளூருக்கு வரவேண்டும். வர்த்தமானி அச்சேறுமுன், அந்த வரைபடம் தமிழ் விளக்கத்துடன் விடத்தல்தீவு இறங்குதுறையில் ஒட்டப்பட்டிருக்கவேண்டும், ஒரு மாதமாவது.