பின் நம்பர் போட்டது நீதானே?

சங்க மலருக்குக் கட்டுரை கேட்டபோது 'இளைஞர் சக்தி' பற்றி எழுதலாமா, 'விஞ்ஞான வளர்ச்சி' பற்றி எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் நான் ஏமாந்த கதையையே எழுதுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

ரமணாசிரமம் பக்கம் செங்கம் ரோட்டோரத்தில் பூ விற்கிறார் என் அம்மா. பௌர்ணமி வந்தால்தான் எங்கள் வீட்டில் நாலு காசு புரளும். அப்படி ஒரு கிரிவல ராத்திரி சேர்ந்த பணத்தில் 1,150 ரூபாயை என் கணக்கில் போட்டு, "கால்குலேட்டர் வாங்கிக்கோ. பரீட்சைக்கு அடுத்தவங்ககிட்ட கை நீட்டாதே" என்றார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அம்மாவுக்கு நம்பிக்கை. எனக்கும் அந்த நினைப்பு இருந்தது!

கடையில் 1,500 சொன்ன சயின்டிபிக் கால்குலேட்டர், செல்போன் விளம்பரத்தில் 1,150. விற்கிற ஆள் ஒரு க்யூ.ஆர். படத்தை அனுப்பினார். பின் நம்பரை அழுத்தினேன். ஒரே நொடி, பணம் போயே போச்சு. ஆறு நாள் கழித்து பார்சல் வந்தது. உள்ளே திருவிழாக் கடையில் விற்கிற கூட்டல் கழித்தல் பொம்மை! சைனும் இல்லை, காஸும் இல்லை. போன் போட்டால் இரண்டு நாள் "அனுப்பறேன், அனுப்பறேன்" என்றார். மூன்றாம் நாள் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்.

வங்கிக்குப் போனேன். "பின் நம்பர் போட்டது நீதானேம்மா? நாங்க என்ன பண்றது?" என்றார்கள். செயலியில் புகார் கொடுத்தேன். 'பரிவர்த்தனை வெற்றிகரமாக முடிந்தது' என்று பதில் வந்தது. யாருக்கு வெற்றி?

அதற்குப் பிறகுதான் விதிகளைத் தேடிப் படித்தேன். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை போட்டிருக்கிறது. யு.பி.ஐ.யில் நம் கணக்கில் பணம் கழிந்து, கடைக்காரருக்கு உறுதி போகாவிட்டால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதித்தால் ஒரு நாளுக்கு 100 ரூபாய் வங்கியே தர வேண்டும். நல்ல விதிதான். ஆனால் கவனியுங்கள்: மெஷின் தப்பு செய்தால் நஷ்டஈடு உண்டு. மனுஷன் ஏமாற்றினால்? அங்கேதான் "பின் போட்டது நீதானே" வருகிறது.

என் தோழியின் அண்ணன் பெங்களூரில் கிரெடிட் கார்டில் ஷூ வாங்கி, பொருளே வராமல், கார்டு கொடுத்த வங்கியில் எழுதிக் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெற்றார். அதற்கு 'சார்ஜ்பேக்' என்று பெயர். அமெரிக்காவில் 1974-லேயே கிரெடிட் கார்டுக்கு இதைச் சட்டமாக்கிவிட்டார்கள். நிலையான வருமானம் காட்டுகிறவருக்குத்தான் பெரும்பாலும் கிரெடிட் கார்டு கிடைக்கும். கார்டு உள்ளவருக்குப் பாதுகாப்பு, பூக்காரி மகளுக்கு உபதேசமா? இது என்ன நியாயம்?

நம் பக்கத் தப்பையும் சொல்ல வேண்டும். முறையான இணையக் கடையில் கட்டியிருந்தால், பணம் பெரும்பாலும் நடுவில் இருக்கும் நிறுவனத்தின் தனிக் கணக்கில் தங்கிவிட்டுத்தான் விற்பவருக்குப் போகும். 2020 மார்ச்சில் வந்த ரிசர்வ் வங்கி விதி அது. கடையின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நான் அனுப்பியதோ ஒரு தனி ஆளின் கணக்குக்கு. ஏமாந்ததும் 1930-க்கு உடனே போன் செய்திருந்தால் பணத்தை முடக்க வழி இருந்திருக்கும். 'இது மோசடி இல்லை, வியாபாரத் தகராறு' என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

பிறகு நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். புகார் எண் கொடுத்தார்கள். 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. ஆனால் எதிராளியின் முகவரி வேண்டுமே! என்னிடம் இருப்பது க்யூ.ஆரில் தெரிந்த ஒரு பெயர் மட்டும். கணக்கு தொடங்கும்போது அந்த ஆளின் முகவரியை வாங்கி வைத்தது வங்கிதான். கேட்டால், "அது ரகசியம்."

என் கருத்து இதுதான். புகார் எண்ணோடு வருகிறவருக்கு, வழக்குப் போடுவதற்காவது எதிராளியின் முகவரியை வங்கி கொடுக்க வேண்டும். தனி ஆள் கணக்கை வைத்துக் கடை நடத்துகிறவருக்குப் போகும் பணத்தை மூன்று நாளாவது நிறுத்திவைக்க வழி வேண்டும். "அப்படிச் செய்தால் சின்ன வியாபாரி கஷ்டப்படுவார்" என்று ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். சின்ன வியாபாரி கஷ்டம் எனக்குத் தெரியாதா? அம்மாவின் கூடையிலும் க்யூ.ஆர். அட்டை தொங்குகிறது. மாலையைக் கையில் கொடுத்த பிறகுதான் அவர் காசு கேட்கிறார். நான் சொல்வது நேரில் பார்க்காமல் நடக்கும் வியாபாரத்துக்கு மட்டும்.

வங்கிக்கு எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறேன். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். இன்றோடு 19 நாள்.

அந்தப் பொம்மைக் கால்குலேட்டர் இப்போது அம்மாவின் பூக்கூடையில் இருக்கிறது. முழம் கணக்குப் பார்க்க உதவுகிறதாம். நான் போன பரீட்சைக்கும் பக்கத்து பெஞ்சில் கை நீட்டித்தான் வாங்கினேன்.