பேரைச் சொல்லுங்கள், பாட்டி!

திண்டுக்கல் சீமையில் 1955-ல் தொடங்கிய ஒட்டன்சத்திரம் கிறிஸ்தவ ஆஸ்பத்திரி முதல் 2022-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி வரை, எங்கே வேண்டுமானாலும் போங்கள். பெண்கள் வார்டு வாசலில் நின்று, "பழனியம்மா!" என்று ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள். இரண்டு தலை நிமிர்ந்தால் ஆச்சரியப்படாதீர்கள். ஆண்கள் வார்டிலோ பழனிச்சாமிகளுக்கும் முருகேசன்களுக்கும் பஞ்சமே கிடையாது. தண்டாயுதபாணி கூப்பிடு தூரத்தில் மலைமேல் நிற்கும்போது, பிள்ளைக்கு வேறு பேர் வைக்க யாருக்கு மனசு வரும்?

பக்திக்கு இது சரி. மருந்துத் தட்டை ஏந்தி வரும் நர்ஸுக்கு இது பெரிய சங்கடம். ஒரு பழனியம்மாளுக்குச் சர்க்கரை வியாதி. இன்சுலின் போட வேண்டும். அடுத்த கட்டில் பழனியம்மாளோ கால் முறிந்து படுத்திருப்பவள். ஊசி கட்டில் மாறினால், அவளுக்கு ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கி, உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

அதனால்தான், "நீங்கதானே பழனியம்மா?" என்று கேட்கக் கூடாது என்று நர்ஸுகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். அரைத் தூக்கத்தில் இருப்பவரும் காது மந்தமானவரும் எதற்கும் "ஆமா" என்று தலையாட்டிவிடுவார்கள். "உங்க பேரு என்ன, பாட்டி?" என்றுதான் கேட்க வேண்டும். அதோடு விடாமல், புருஷன் பேரையோ தகப்பனார் பேரையோ கேட்டு, நோயாளி எண்ணையும் சீட்டோடு ஒத்துப்பார்க்க வேண்டும்.

"ஏம்மா, காலையிலதானே கேட்ட? அதுக்குள்ள என் பேரு மறந்துபோச்சா?" என்று பாட்டிமார் சிடுசிடுப்பதுண்டு. கேட்கிற பெண்ணைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், ஐயா! கேட்காமல் ஊசியைத் தூக்கிக்கொண்டு வருகிறவரைக் கண்டால்தான் நாம் பயப்பட வேண்டும்.

சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் - இந்த ஐந்தும் நர்ஸிங் படிப்பின் பாலபாடம். ஒப்பிக்கச் சுலபம். ஆனால் அவர் மருந்தை அளந்துகொண்டிருக்கும் வேளை பார்த்துத்தானே நாம், "சிஸ்டர், டிரிப்ஸ் முடிஞ்சுபோச்சு", "சிஸ்டர், டாக்டர் எப்ப வருவாரு?" என்று முற்றுகையிடுகிறோம்? கவனம் சிதறினால் கணக்குத் தப்பும். பிரிட்டனில் சில ஆஸ்பத்திரிகளில், மருந்து கொடுக்கும் நேரத்தில் தொந்தரவு செய்யாதீர்கள் என்று எழுதிய சிவப்பு மேலங்கியை நர்ஸுகளுக்கு மாட்டிவிட்டார்கள். நம் ஊரில் அதற்கும் ஒருவர், "இதிலே என்ன சிஸ்டர் எழுதியிருக்கு?" என்று கேட்கத்தான் செய்வார்!

சில மருந்துகளைக் கையெட்டும் தூரத்தில் வைப்பதே தப்பு. பொட்டாசியம் குளோரைடு பார்வைக்குப் பச்சைத் தண்ணீர் போல இருக்கும். கலக்காமல் நேரே ரத்தக் குழாயில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அதைத் தனியே பூட்டி வைக்க வேண்டும். பூட்டின் அருமையைத் திண்டுக்கல்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

அப்புறம் டாக்டர்களின் கையெழுத்து. மருந்தின் பொதுப் பெயரைத் தெளிவாக, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுதுங்கள் என்று 2016-லேயே இந்திய மருத்துவக் கவுன்சில் விதி செய்தது. இன்சுலின் சீட்டில் யூனிட் என்பதற்கு 'யு' என்ற ஒற்றை ஆங்கில எழுத்தைக் கிறுக்கினால், அது பூஜ்யம் போலத் தெரியும். பத்து நூறாகிவிடும்! சந்தேகம் வந்தால் திரும்பப் போய்க் கேட்கிற நர்ஸ்தான் நல்ல நர்ஸ். அப்படிக் கேட்டதற்காக எரிந்து விழும் டாக்டரைப் பற்றி நான் என்ன சொல்ல!

ஆஸ்பத்திரியை விட்டு வேடசந்தூருக்கோ நிலக்கோட்டைக்கோ திரும்பிய பிறகு, நர்ஸ் வேலை மகளுக்கோ மருமகளுக்கோ வந்து சேருகிறது. நம் நாட்டில் இன்சுலின் இரண்டு வீரியத்தில் விற்கிறது: ஒரு மில்லிக்கு 40 யூனிட், ஒரு மில்லிக்கு 100 யூனிட். முதலாவதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு; இரண்டாவதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால், உடம்புக்குள் போவது 20 அல்ல, 50! ஆகவே கடையில் வாங்கியதும், புட்டியையும் சிரிஞ்சையும் சேர்த்து நர்ஸிடம் ஒரு தடவை காட்டிவிட்டுப் பஸ் ஏறுங்கள்.